காலி நாற்காலிக்கு ஒரு மொழிபெயர்ப்பு

பிற்பகல் மூன்று நாற்பதுக்கு என் மானம் போகத் தொடங்கியது. அதற்கு முன்பும் சில முறை போயிருக்கிறது. ஆனால் அப்போதெல்லாம் என் கையில் மைக் இருந்ததில்லை.

நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் எங்கள் பள்ளியின் காலைக் கூட்டத்தில் யாராவது மைக்கை என் பக்கம் நீட்டினால் நான் பின்னால் நகர்ந்துவிடுகிறேன். தலைமையாசிரியர் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைக்கட்டும். அந்த நாளை நினைத்தால் எனக்கு வெட்கத்துக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. அன்று அந்த அரங்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் மீதும் கோபம். நடந்ததைச் சொல்கிறேன், நியாயம் யார் பக்கம் என்று நீங்களே பாருங்கள். (என் பக்கம் இல்லை என்று எங்கள் வீட்டுக்காரர் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவரை யாரும் கேட்கவில்லை.)

என் மகள் சிந்து, திருப்பதியில் அலிபிரி போகிற சாலையில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். பதவியின் பெயர் தற்காலிக விரிவுரையாளர். அந்தத் ‘தற்காலிக’ என்கிற சொல் மட்டும் அவளோடு சில வருடங்களாக நிரந்தரமாக இருந்தது. அதை எடுத்துவிடுவதற்கான கோப்பு தாளாளரின் மேசைக்குப் போயிருக்கிறது என்று கேள்விப்பட்டோம். தாளாளர் என்றால் கல்லூரியின் சொந்தக்காரர். அரசியலிலும் இருக்கிறார். எந்தக் கட்சி என்று நீங்கள் கேட்டால், எந்த வருடத்தில் என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

இந்த நேரம் பார்த்து என் மகள் ஒரு காரியம் செய்தாள். கல்லூரி இலக்கிய மன்றத்துக்கு அவள்தான் பொறுப்பு. சென்னையிலிருந்து ஒரு நாவலாசிரியரை வரவழைத்துப் பேச வைக்கிறேன் என்று கிளம்பினாள். நாவலைப் பற்றிப் பேசினால்கூடப் பரவாயில்லை. காதல், கல்யாணம், மழை என்று ஏதாவது வரும், போகும். அந்த அம்மா பேசப் போவதோ தன்னுடைய கட்டுரைத் தொகுப்பைப் பற்றி. கலை, பண்பாடு, அரசியல் மூன்றையும் பற்றிய கட்டுரைகள். முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

“மூணும் ஒண்ணுதாம்மா. அதத்தான் அந்த புக்கே சொல்லுது,” என்றாள் சிந்து.

அந்த புக்கை வாங்கிப் படித்தேன். நான் சித்தூரில் ஒரு அரசுப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. பிறந்தது தமிழக எல்லையோரத்து நகரி. நைனா, அதாவது என் அப்பா, பவர்லூம் ஓட்டினார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. தமிழ் எழுத்து, வாரப் பத்திரிகைகளைப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டது. அதனால் மெதுவாகத்தான் படிப்பேன். மெதுவாகப் படித்தால் பயமும் மெதுவாக, நன்றாக ஊறி உள்ளே இறங்கும்.

நடனத்தைப் பற்றிய கட்டுரை என்று நம்பிப் படித்தால் பாதியில் ஓர் அமைச்சர் வந்தார். சமையலைப் பற்றிய கட்டுரையில் ஒரு தேர்தல் வந்தது. மூன்றாவது கட்டுரை சிலைகளைப் பற்றியது. சொந்தப் பணத்தில் சொந்த இடத்தில் சொந்த அப்பாவுக்குச் சிலை வைக்கிறவர்களைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதியிருந்தார். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, செய்தித்தாளில் அட்டை போட்டு, பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

ஏனென்றால், அந்தக் கல்லூரியின் வாசலில் தாளாளருடைய அப்பாவின் சிலை இருக்கிறது. தங்க நிறம் பூசியது. தலைக்கு மேல் சிமெண்ட்டில் அழகான குடை. பக்கத்திலேயே பஸ் நிறுத்தம். அங்கே குடை கிடையாது.

சிந்துவிடம் சொன்னேன். கூட்டத்தைத் தள்ளிவை, கையில் ஆர்டர் வந்ததும் எந்த எழுத்தாளரை வேண்டுமானாலும் கூப்பிட்டு என்ன வேண்டுமானாலும் பேச வை என்று. அவள் கேட்கவில்லை. கூட்டத்துக்கு வருவதானால் வா, ஆனால் சாப்பாடு கட்டிக்கொண்டு வராதே, யாருக்கும் யோசனை சொல்லாதே, கீழே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டு என்று எனக்கு நிபந்தனை போட்டாள். நான் எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு சித்தூரில் பஸ் ஏறினேன். முதல் நிபந்தனை அங்கேயே முடிந்தது.

நாவலாசிரியர் காரில் வந்து இறங்கினார். அறுபது வயதிருக்கும். பருத்திப் புடவை, ரப்பர் செருப்பு, மிக மெல்லிய குரல். இவ்வளவு மெல்லிய குரலில் பேசுகிறவரா அப்படியெல்லாம் எழுதினார் என்று எனக்கு ஆச்சரியம். இறங்கியதும் வாசலில் நின்று சிலையை அண்ணாந்து பார்த்தார். குடையைப் பார்த்தார். பிறகு பஸ்ஸுக்குக் காத்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். நான் அவசரமாக நடுவில் புகுந்தேன். சோற்று டப்பாவை முன்னால் நீட்டி, முதலில் சாப்பிடுங்கள் என்று உள்ளே அழைத்துப் போனேன். அவர் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார், கை கழுவினார். பிறகு, “வாசல்ல நிக்கிறாரே, அவர் யாரு?” என்று கேட்டார்.

“ரொம்ப நல்லவரு,” என்றேன். வேறென்ன சொல்ல?

மூன்று நாற்பதுக்கு சிந்துவின் போனில் ஒரு செய்தி வந்தது. அந்தப் புத்தகத்தைத் தெலுங்கில் மொழிபெயர்த்திருந்த பேராசிரியர்தான் அன்று மேடையில் நின்று பேச்சையும் மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு. அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு சுத்தமாகக் குரல் வரவில்லையாம். சிந்து உதட்டைக் கடித்தாள். பிறகு, சரி, நானே தெலுங்கில் சொல்லிவிடுகிறேன் என்றாள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

கூட்டத்தை நடத்துவது யார், வரவேற்பது யார், நன்றி சொல்வது யார், எல்லாவற்றையும் நீயே செய்தால் நன்றாகவா இருக்கும், எனக்கு இரண்டு மொழியும் தண்ணீர்பட்ட பாடு, நான் செய்கிறேன் என்றேன். அவள் மறுப்பதற்குள் பக்கத்தில் நின்ற கல்லூரி முதல்வர் மகிழ்ந்துபோய், தெலுங்கில், “மேடம்காரே செய்யட்டும்மா,” என்று சொல்லிவிட்டார். சிந்து என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

என் கணக்கு எளிமையானது. அந்த அம்மா சொல்வது தாளாளர் காதுக்குப் போக வேண்டுமானால் என் வழியாகத்தான் போக வேண்டும். ரத்தத்தைச் சிறுநீரகம் எப்படிச் சுத்தம் செய்து அனுப்புகிறதோ அப்படிச் செய்து அனுப்பிவிடலாம். வருடா வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்துகிற பாடம்.

மேடையில் நான்கு நாற்காலிகள். முதல்வர், நாவலாசிரியர், நான். நான்காவது பெரிய நாற்காலி, மேலே வெள்ளைத் துண்டு விரித்தது, தாளாளருடையது. அவர் வரவில்லை. எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர்கள் கூட்டத்தின் நடுவில்தான் வருவார்கள். ஆனால் அந்த நாற்காலிக்கு நேர் எதிரே, முதல் வரிசையில், அவருடைய உதவியாளர் போனைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், எல்லாவற்றையும் பதிவு செய்கிறார் என்று நினைத்தேன். ஆக நாற்காலி காலியாக இருந்தாலும் அதற்குக் காது இருந்தது. நான் அந்தக் காதைப் பார்த்துத்தான் பேசினேன்.

நாவலாசிரியர் கலையிலிருந்து தொடங்கினார். ஓர் ஊரில் சலங்கை கட்டி ஒரு பெண் ஆடிக்கொண்டிருந்தாளாம். நடுவில் தலைவர் வந்தார். ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவருக்கு ஆளாளுக்குச் சால்வை போட்டார்கள். அந்தப் பெண் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றாளாம், தொடரச் சொல்வார்கள் என்று. யாரும் சொல்லவில்லை. நம் கலையின் இன்றைய நிலை அந்தத் தூக்கிய கால்தான் என்றார்.

அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது. நான் மைக்கை எடுத்து, தெலுங்கில், நம் தலைவர்களுக்குக் கலை மீது எவ்வளவு பிரியம் என்றால், ஆட்டம் முடியும்வரைகூடப் பொறுக்காமல் நடுவிலேயே வந்து சேர்ந்துவிடுகிறார்கள் என்று எழுத்தாளர் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார் என்றேன்.

இன்னும் பெரிய சிரிப்பு எழுந்தது. என் தெலுங்கு நடைக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். தலையைக்கூடக் கொஞ்சம் தாழ்த்தினேன் என்று நினைக்கிறேன். (தாழ்த்தினாய் என்கிறாள் சிந்து. வீடியோ இருக்கிறதாம்.)

எழுத்தாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்து பண்பாட்டுக்கு வந்தார். பண்பாடு, பண்பாடு என்று மேடையில் ஒருவர் முழங்கினால், அவர் வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காருவது யார், அப்போது பாத்திரத்தில் என்ன மிச்சமிருக்கும் என்று போய்ப் பார்க்கத் தோன்றும் என்றார். தன் முழு புத்தகத்தையும் அந்த ஒரு கேள்வியில் அடக்கிவிடலாம் என்றார்.

இதில் தாளாளரைப் பற்றி ஒன்றுமில்லைதான். ஆனால் அவர் மேடையில் பண்பாடு, பண்பாடு என்று முழங்குகிறவர். நான் எதற்கும் ஜாக்கிரதையாக, எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிச்சமிருப்பதைத் தான் சாப்பிடுகிற தாய்தான் நம் பண்பாட்டின் சிகரம் என்று எழுத்தாளர் சொல்வதாகச் சொன்னேன்.

இந்த முறை பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ‘அய்யோ’ என்று ஒரு நீண்ட முனகல் வந்தது. எனக்குச் சுருக்கென்றது. இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் உறைத்தன. ஒன்று, நான் நேற்று ராத்திரி சாப்பிட்டது மிச்சமிருந்த ரசம். இன்னொன்று, இந்தப் பிள்ளைகள் நான் மைக்கை எடுப்பதற்கு முன்பே சிரிக்கிறார்கள். எழுத்தாளர் தமிழில் பேசி முடித்ததும் ஒரு சிரிப்பு. நான் தெலுங்கில் பேசி முடித்ததும் இன்னொரு சிரிப்பு. முதல் சிரிப்பு எங்கிருந்து வருகிறது?

இங்கேதான் என் கோபம் தொடங்குகிறது. கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கம் யாருக்குத்தான் தமிழ் தெரியாது? காய்கறிக்காரர் தெலுங்கில் விலை சொல்வார், நாங்கள் தமிழில் குறைத்துக் கேட்போம், அவர் தமிழில் திட்டுவார். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். மீதிப் பேர் தமிழ்ச் சினிமா பார்க்கிறவர்கள். ஆனால் ஓர் அலுவலகத்துக்குள்ளோ பள்ளிக்கூடத்துக்குள்ளோ அரங்கத்துக்குள்ளோ கால் வைத்துவிட்டால், எல்லாரும் தமிழைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வருவோம். உள்ளே தெலுங்கு மட்டும்தான். அது ஒரு மரியாதை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நானும் அப்படித்தான். எங்கள் பள்ளியில் பக்கத்து இருக்கை ஆசிரியையும் நகரிக்காரி என்பது அவள் மாற்றலாகிப் போகிற அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதுவும் அவள் அழும்போது தமிழில் அழுததால்.

அந்தப் பழக்கத்தில்தான் மேடையில் நின்ற எனக்கு எதிரே இருந்தவர்கள் எல்லாரும் தெலுங்கு மட்டுமே தெரிந்தவர்களாகத் தெரிந்தார்கள். முன்னூறு பேருக்குத் தமிழ் தெரியும். ஒருவராவது, ஒரே ஒருவராவது, எழுந்து முன்கூட்டியே சொல்லியிருக்கலாமா கூடாதா? சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, நான் குழி தோண்டுவதையும் அதில் இறங்குவதையும் வேடிக்கை பார்த்தார்கள். இவர்களுக்கா இலக்கிய மன்றம்?

ஆனால் அப்போது எனக்கு இவ்வளவும் முழுதாகப் பிடிபடவில்லை. ஏதோ இடிக்கிறது என்று மட்டும் பட்டது. அதற்குள் எழுத்தாளர் மூன்றாவதற்கு வந்துவிட்டார்.

“உங்க காலேஜ் வாசல்ல ஒரு சிலை இருக்கு,” என்றார்.

உதவியாளர் போனை இன்னும் சற்று உயரமாகப் பிடித்தார்.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள், சிலை நிழலில் நிற்கிறது என்றார். கலை என்று பார்த்தால், அந்த முகம் யாருடைய முகமும் இல்லை, ஒரே அச்சில் வார்த்து ஊருக்கு ஊர் மூக்குக்கண்ணாடியை மட்டும் மாற்றுகிறார்கள் என்றார். பண்பாடு என்று பார்த்தால், அந்தப் பெரியவர் உயிரோடு இருந்திருந்தால் குடையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வெயிலில் நின்றிருப்பார் என்று நம்ப விரும்புகிறேன் என்றார். அரசியல் என்று பார்த்தால், யாருக்கு நிழல் என்று முடிவு செய்வதுதான் அரசியல், வேறெதுவும் இல்லை என்றார்.

எனக்குக் கண் இருட்டியது. அந்த இருட்டில் சிந்துவின் கோப்பு தாளாளர் மேசையிலிருந்து எழுந்து குப்பைக்கூடைக்கு நடந்து போவதைத் தெளிவாகப் பார்த்தேன். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பெரியவருடைய சிலை, வெயிலில் வாடும் மாணவர்களைக் கருணையோடு பார்த்துக்கொண்டிருப்பது எழுத்தாளரின் நெஞ்சைத் தொட்டுவிட்டது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தமிழ்நாடு முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு முகக்களையுள்ள சிலையைப் பார்க்க முடியாது என்கிறார் என்றும் சேர்த்தேன்.

சிரிப்பு வரவில்லை. அதைவிட மோசம். மாடியிலிருந்து யாரோ கைதட்டினார்கள், தனியாக, மெதுவாக.

(எங்கள் வீட்டில் ‘கருணையோடு’ என்ற சொல்லுக்கு அன்றோடு வாழ்வு முடிந்தது. குழம்பில் உப்புக் குறைந்தால் எங்கள் வீட்டுக்காரர், “இன்னிக்குக் கருணையோட போட்டுக்கீற,” என்கிறார். சிந்துவுக்குப் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்டால், “கருணையோட கேக்குறியா, சும்மா கேக்குறியா,” என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.)

எழுத்தாளர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். “டீச்சர், தமிழ்நாடுன்னு நான் சொல்லவே இல்லையே,” என்றார் மெதுவாக.

“உங்களுக்குத் தெலுங்கு தெரியுமா?” என்றேன்.

“பேச வராது. நான் வடசென்னையில பொறந்தவ. எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் தெலுங்குதான். கேட்டா நல்லாவே புரியும்.” பிறகு, கோபமே இல்லாமல், “கால் தூக்கின பொண்ணு விஷயத்துலேர்ந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். உங்களுக்கு ஏதோ கஷ்டம்னு தோணுச்சு. அதான் ஒண்ணும் சொல்லல,” என்றார்.

இந்த நல்ல குணத்தையும் நான் மன்னிக்கவில்லை. அப்போதே அதட்டியிருந்தால் சிலை வரைக்கும் போயிருக்க மாட்டேன்.

அதற்குள் நடு வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். ஒல்லியாக, பின்னலைத் தோளுக்கு முன்னால் போட்டுக்கொண்டு. அவள் தெலுங்கில் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, என் நகரித் தெருவில் குழாயடியில் நின்று பேசுவது போல் பேசினாள்.

“மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. அவங்க பேசறது எங்களுக்கு நல்லா புரியுது. நீங்க பேசறதுதான் இன்னான்னே புரியல.”

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தார்கள். முதல்வர்கூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அவரும் தமிழர் என்று அந்த நொடியில் தெரிந்துகொண்டேன். ஏன் சார், எனக்கு ‘மேடம்காரே செய்யட்டும்’ என்று வழி விட்டவர் நீங்கள்தானே?

சிரிப்பு அடங்கவில்லை. மேடையின் ஓரத்தில் நின்ற சிந்து இன்னொரு மைக்கை எடுத்தாள். என்னைக் காப்பாற்றப் போகிறாள் என்று நினைத்தேன். பெற்ற பெண் அல்லவா? அவள் தெலுங்கில், மிகவும் மரியாதையாக, இதுவரை மொழிபெயர்ப்பில் சில பிழைகள் நேர்ந்துவிட்டன, மன்னிக்க வேண்டும், தமிழ் தெரியாதவர்கள் இருந்தால் அவர்களுக்காக மறுபடி சொல்கிறேன் என்றாள். சொன்னாள். தூக்கிய கால், கடைசியில் சாப்பிடுகிறவள், வெயில், நிழல், குடை, யாருடையதும் இல்லாத முகம். ஒன்றையும் விடவில்லை. என் வாயில் கருணையாக மாறிய அத்தனையும் அவள் வாயில் பழையபடி கல்லாக மாறின. அவள் தெலுங்கு என் தெலுங்கைவிட நன்றாக இருந்தது. அதையும் அன்றுதான் கவனித்தேன்.

கைதட்டல் ஓய்வதற்குள் உதவியாளர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

நான் சிந்துவின் முழங்கையைப் பிடித்து மேடையின் ஓரத்துக்கு இழுத்தேன். “இன்னாடி பண்ணிட்ட? உனக்கு வேல வேணுமா வேணாமா?” என்றேன். மைக்கை அணைத்துவிட்டுத்தான் கேட்டேன் என்று சத்தியம் செய்கிறேன்.

“வேணும்மா,” என்றாள். கண் கலங்கியிருந்தது. “இவங்கள கூட்டினு வர்றதுக்கு நான் எவ்ளோ சண்ட போட்டேன் தெரியுமா? வேணாம்னு சொன்னவங்க வாய மூடி, ஆபீஸ்ல எல்லார் கால்லயும் விழுந்து கூட்டினு வந்தேன். நீ வந்து அவங்க வாயவே மூடிட்டியே.”

“உனக்காகத்தாண்டி.”

“எனக்காகன்னா அவங்க சொன்னத சொல்லி இருக்கணும்.”

இதற்கு ஒன்று சொல்வேன். அவளுக்கும் ஒரு பெண் பிறந்து, அந்தப் பெண்ணின் கோப்பு யாரோ ஒருவர் மேசையில் மாதக்கணக்கில் கிடக்கட்டும். அப்போது அவள் எவ்வளவு நேராக மொழிபெயர்க்கிறாள் என்று நானும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. வாசலில் தாளாளர்.

வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பின்னால் உதவியாளர். யாரையும் பார்க்காமல் நேராக மேடைக்கு ஏறினார். முதல்வர் சால்வையோடு ஓடினார். தாளாளர் கையை அசைத்து அவரை ஒதுக்கிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார். துண்டை எடுத்து மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். எழுத்தாளருக்குக் கும்பிடு போட்டார். பிறகு தெலுங்கில், என்னைப் பார்த்து, எங்கள் நைனா சிலையைப் பற்றி இந்த அம்மா என்ன சொன்னார் என்று கேட்டார்.

என்னை. சிந்துவை இல்லை, முதல்வரை இல்லை, என்னை.

நான் சிந்துவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். போகட்டும், இனி என்ன இருக்கிறது காப்பாற்ற என்று மைக்கை எடுத்தேன். பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள், சிலை நிழலில் நிற்கிறது என்று சொன்னார் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த முகம் யாருடைய முகமும் இல்லை என்றும் சொன்னார் என்றேன். அங்கே நின்றிருக்க வேண்டும். பாழாய்ப்போன நாக்கு, தானாகவே, “ஆனால் அதைக் கருணையோடு சொன்னார்,” என்று முடித்தது.

இந்தச் சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆனது. நாவலாசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாளாளர் சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை, மீசை மட்டும் அசைந்தது. எல்லாரும் ஓயும்வரை காத்திருந்தார். பிறகு முன்னால் இருந்த மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அசல் நகரித் தமிழில் பேச ஆரம்பித்தார்.

“எதுக்கு டீச்சரம்மா தெலுங்குல கஷ்டப்பட்றீங்க? நான் நகரில நூல் மூட்ட எறக்கிக்கினு வளந்தவன். இவ்ளோ நேரம் வாசல்ல கார்லதான் ஒக்காந்துக்கினு இருந்தேன், இவன் போன் லைன்லயேதான் இருந்துச்சு, எல்லாம் கேட்டுச்சு. அவங்க சொன்னதியும் கேட்டேன், நீங்க சொன்னதியும் கேட்டேன்.” எழுத்தாளர் பக்கம் திரும்பினார். “அம்மா, மூஞ்சி சரியில்லன்னு சொன்னீங்க. எங்கம்மாவும் அதத்தான் சொல்லிச்சு. யார்ரா இவன்னு கேட்டுச்சு. அத உட்டுடுங்க. ஆனா நெழல பத்தி சொன்னீங்களே, அதுக்கு எங்கிட்ட பதில் கீது. நான் சொல்றேன், நீங்களும் திருப்பி கேளுங்க, பசங்க முன்னாடியே பேசிக்கலாம்.”

பிறகு மறுபடி என்னைப் பார்த்தார்.

“நீங்க இப்டி நடுவுல நின்னுக்கினு இருந்தா நாங்க ரெண்டு பேரும் எப்டி டீச்சரம்மா சண்ட போட்றது? நீங்க எதுக்குப் பயந்தீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க பொண்ணு ஆர்டர்ல நான் நேத்தே கையெழுத்து போட்டுட்டேன். மைக்க அவகிட்ட குட்த்துட்டு கீழ போய் ஒக்காருங்க.”